அடுக்கினுள் விரியும் பிளவு

சேலத்திலிருந்து நாமக்கல் வழியாகக் கரூர் நோக்கிச் செல்லும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் இரவில் பயணம் செய்வோர் ஒரு காட்சியைக் கண்டிருப்பர். தேநீர்க் கடையருகே சரக்கு லாரி ஒன்று வந்து நிற்கும். ஓட்டுநர் இறங்கித் தேநீர் அருந்தச் செல்வார். கிளீனர்ப் பையன் கையில் ஓர் இரும்புக் கம்பியுடன் வண்டியைச் சுற்றிவந்து, ஒவ்வொரு டயரையும் ஒருமுறை தட்டுவான். ஒன்று கணீரென ஒலிக்கும். ஒன்று மந்தமாக ஒலிக்கும். மந்தமாக ஒலித்த இடத்தில் அவன் குனிந்து பார்ப்பான். கண் காணாததைக் காது காணும் என்பதை எந்த ஏட்டிலும் படியாமலே அறிந்தவன் அவன்.

இக்கட்டுரையின் பொருள் அந்த ஒலியிலிருந்துதான் தொடங்குகிறது. எடை குறைந்தனவாய், அடுக்கடுக்காய் ஒட்டி உருவாக்கப்படும் கூட்டுப்பொருள்களில் விரிசல் தோன்றினால் அவற்றின் வலிமை என்னாகிறது என்பதே நாம் ஆராய முற்படும் செய்தி. தமிழ்த்துறை மலரில் இத்தகைய பொருளுக்கு இடம் உண்டோ எனச் சிலர் ஐயுறக்கூடும். லாரிக்குக் கூண்டு கட்டுவதும், டயருக்குப் புதுமுகம் ஒட்டுவதும், ஆழ்துளைக் கிணறு தோண்டும் வண்டிகளை நாடெங்கும் அனுப்புவதும் இச்சமவெளியின் பிழைப்பு. மக்களின் பிழைப்பில் உள்ள அறிவைத் தமிழில் எழுதிப் பார்ப்பது தமிழ்த்துறைக்கு அயலான பணியன்று. இயற்பியல் துறை நண்பர் ஒருவரின் துணையோடு, நாமக்கல் பகுதிப் பட்டறைகள் சிலவற்றுக்குச் சென்று வந்த பின்னரே இதனை எழுதுகிறோம்.

கண்ணாடியில் தொடங்கிய கணக்கு

விரிசல் ஒரு பொருளை ஏன் மெலிவிக்கிறது? இழந்த பரப்பின் அளவுக்கு வலிமை குறையும் என்றுதான் எவரும் எண்ணுவர். நூறு பங்கு அகலமுள்ள தகட்டில் ஐந்து பங்கு கிழிந்தால் எஞ்சிய தொண்ணூற்றைந்து பங்கு சுமையைத் தாங்க வேண்டுமல்லவா? ஆனால் அவ்வாறு நிகழ்வதில்லை. துணிக்கடைக்காரர் துணியின் ஓரத்தில் கத்தரியால் ஒரு சிறு வெட்டு வெட்டிவிட்டு, இரு கையாலும் இழுத்து நேராகக் கிழிப்பதை நாம் அறிவோம். அந்த வெட்டு இல்லையேல் அவர் எவ்வளவு முயன்றாலும் துணி எளிதில் கிழியாது. கண்ணாடிக் கடைக்காரர் வைரமுனையால் ஒரு கோடு கிழித்து விரலால் அழுத்துவதும் இதே தந்திரந்தான்.

இதற்குரிய கணக்கை 1913இல் இங்கிலீசு என்னும் ஆங்கிலேயப் பொறியியல் அறிஞர் வகுத்தார். கப்பல் தகடுகளில் வெடிப்புக் காண்பது அந்நாளில் பெருஞ்சிக்கலாக இருந்தது. இழுக்கப்படும் தகட்டில் வட்டமான துளை ஒன்று இருந்தால், அதன் விளிம்பில் தகைவு மூன்று மடங்காகிறது என்பது அவர் கணக்கால் விளங்கும். துளை நீள்வட்டமாகி, இழுவிசைக்குக் குறுக்கே கிடந்து, அதன் நீளம் அகலத்தைப்போல் பத்து மடங்காயின், நுனியில் தகைவு இருபத்தொரு மடங்காகும். விரிசல் என்பது அகலமே இல்லாத நீள்வட்டம் எனலாம். எனின் அதன் நுனியில் தகைவு எல்லையின்றிப் பெருகி, மயிரிழைக் கீறல் ஒன்றே எப்பொருளையும் முறித்துவிட வேண்டுமே!

அவ்வாறு முறிவதில்லை. ஏன் என்பதை விளக்கியவர் கிரிஃபித்து. ஃபார்ன்பரோ என்னுமிடத்தில் இருந்த பிரித்தானிய வானூர்தி ஆய்வுக்கூடத்தில் கண்ணாடியைக் கொண்டு சோதனை செய்த இவர், 1921இல் வெளியான கட்டுரையில் ஒரு வணிகக் கணக்கைப் போன்ற விதியைக் கூறினார். விரிசல் நீளுங்கால் புதிய பரப்புகள் உண்டாகின்றன. அவற்றை உண்டாக்க ஆற்றல் செலவாகிறது. பொருளில் தேங்கியிருந்த ஆற்றல் விடுபட்டு வரவாகிறது. வரவு செலவைவிட மிகுமாயின் விரிசல் தானே ஓடும். இல்லையேல் நின்ற இடத்தில் நிற்கும். இக்கணக்கின்படி விரிசலின் நீளம் நான்கு மடங்கானால் பொருளின் தாங்குதிறன் பாதியாகக் குறையும். கண்ணாடியை மெல்லிய இழையாக நீட்ட நீட்ட அதன் வலிமை மிகப் பெருகுவதையும் அவர் கண்டார். இழை மெலிய மெலிய அதில் பெரிய குறை தங்குவதற்கு இடமில்லாமற் போகிறது. இன்று நம் ஊர்ப் பட்டறைகளில் ‘ஃபைபர்’ என வழங்கும் கண்ணாடியிழைப் பொருளுக்கு அடிப்படை இந்த உண்மைதான்.

நாரும் பசையும்

மூங்கிலை நோக்குக. அதனைக் குறுக்கே ஒடிப்பது கடினம். நெடுக்கே பிளப்பதோ ஒரு வெட்டுக்கத்தியின் வேலை. நார்கள் நெடுக்கே ஓடுகின்றன. அவற்றைப் பிணைக்கும் பொருள் நாரைவிட மெலிந்தது. குறுக்கே புறப்பட்ட விரிசல் நாரை அடைந்ததும் அதனை அறுக்க மாட்டாமல் பக்கவாட்டில் திரும்பி, நாரின் ஓரமாக ஓடி ஓய்ந்துவிடுகிறது. குக், கோர்டன் என்னும் இருவர் 1964இல் இதனைக் கணக்கிட்டுக் காட்டினர். இருபொருள் ஒட்டும் இடைமுகத்தின் வலிமை, பொருளின் சொந்த வலிமையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கிற்குக் குறைந்திருந்தால், வரும் விரிசல் அங்கே திசைதிரும்பி மழுங்கிப்போகும் என்பது அவர்தம் முடிவு. மெலிவு ஒன்றே காவலாக அமையும் விந்தை இது.

கூட்டுப்பொருள் செய்வோர் நெடுக்கு நாரின்மேல் குறுக்கு நாரை வைத்து, அதன்மேல் சாய்வு நாரை வைத்து, பிசின் ஊட்டி இறுகச் செய்கின்றனர். எப்பக்கம் இழுத்தாலும் தாங்குவதற்கு ஏதேனும் ஓர் அடுக்கு இருக்கிறது. பெங்களூரில் 2001 சனவரி 4ஆம் நாள் முதன்முறை பறந்த நம் நாட்டு இலகுரகப் போர் வானூர்தியாகிய ‘தேஜஸ்’, தன் உடற்கட்டின் எடையில் ஏறத்தாழ 45 விழுக்காட்டைக் கரியிழைக் கூட்டுப்பொருளால் பெற்றிருக்கிறது. ஆரல்வாய்மொழிக் கணவாயில் சுழலும் காற்றாலைகளின் இறக்கைகளும் இவ்வினத்தனவே.

நம் நெடுஞ்சாலையில் ஓடும் டயரும் இவ்வினத்தைச் சேர்ந்ததே என்றால் சிலருக்கு வியப்பாயிருக்கும். டயர் வெறும் ரப்பரன்று. நைலான் கயிறுகளோ எஃகுக் கம்பிகளோ ஓடும் அடுக்குகள் ரப்பரால் பிணைக்கப்பட்டுச் சுமை தாங்குகின்றன. (டயரின் பக்கத்தில் ‘16 பிளை’ என்று அச்சிட்டிருப்பதைக் கண்டு உள்ளே பதினாறு அடுக்கு உண்டு எனக் கொள்வது பிழை. அது தாங்கும் சுமையின் தரக்குறியே அன்றி அடுக்கின் எண்ணிக்கையன்று.) எஃகுப் பட்டை அடுக்கின் ஓரம் முடியும் இடத்தில், விறைத்த கம்பியும் நெகிழும் ரப்பரும் சந்திக்கின்றன. காற்றுக் குறைவாலும் மிகைப்பாரத்தாலும் டயர் சூடேறுங்கால், அந்த ஓரத்திலேதான் நுண்ணிய பிளவு பிறந்து அடுக்குகளுக்கு இடையே நகர்கிறது. சித்திரை வெயிலில் 40 பாகை செல்சியசைத் தொடும் இச்சமவெளியின் தார்ச்சாலை அதற்குத் துணைசெய்கிறது. வெளியிலோ ஒரு கீறலும் தோன்றாது.

இங்கேதான் நாம் கூற விரும்பும் செய்தியின் உயிர்நிலை இருக்கிறது. குறுக்கே வரும் விரிசலைத் தடுக்கும் அந்த மெலிந்த இடைமுகமே, அடுக்குகளுக்கு இடையே பிளவு ஓடுவதற்குப் பாதையும் ஆகிறது. எந்த மெலிவால் கூட்டுப்பொருள் பிழைக்கிறதோ அந்த மெலிவாலேயே அது மடியவும் கூடும்.

ஒட்டுவிட்ட பலகையின் கணக்கு

அடுக்குப் பிரிந்தால் என்ன? நார்கள் அறுந்துவிடவில்லையே, பொருள் அத்தனையும் அங்கேதானே இருக்கிறது? இவ்வினாவை எம் மாணவர் பலர் கேட்டனர். விடை, சுமை எவ்வகையில் வருகிறது என்பதைப் பொறுத்தது. கயிறுபோல் இழுத்தால், பிரிந்த அடுக்குகள் தனித்தனியே தம் பங்கைத் தாங்கும். வலிமையில் பெருங்குறை நேராது. வளைத்தாலோ அமுக்கினாலோ கதை வேறு.

ஒரு பலகையின் விறைப்பு அதன் தடிமனின் மும்மடிக்கு ஏற்ப அமைவது. நன்கு ஒட்டிய இரட்டைப் பலகை ஒன்று நடுவே ஒட்டுவிட்டு இரண்டானால், ஒவ்வொரு பாதியின் விறைப்பும் முழுமையில் எட்டில் ஒரு பங்கு. இரண்டும் சேர்ந்து நாலில் ஒரு பங்கு. ஒரு துகளும் குறையவில்லை. ஒரு நாரும் அறவில்லை. விறைப்பில் முக்கால் பங்கு போய்விட்டது! வளைவைத் தாங்கும் வலிமை பாதியாகிறது. நீளவாக்கில் அமுக்கினால் நொடிந்து வளையத் தொடங்கும் சுமையும் நாலில் ஒன்றாக இறங்குகிறது. நான்காகப் பிரிந்தால் பதினாறில் ஒன்று. மெல்லிய மேலடுக்கு தனியே குமிழ்போல் புடைத்து வளையுங்கால், அதன் ஓரங்கள் பிளவை மேலும் நெம்பித் திறக்கின்றன. ஆகவே பிளவு தன் வளர்ச்சிக்கான வழியைத் தானே அமைத்துக்கொள்கிறது.

சேதம் ஒரு முறையாகவே நிகழ்கிறது. முதலில் இழுவிசைக்குக் குறுக்கே கிடக்கும் அடுக்கில், பிசின் நார்களுக்கு இடையே மயிர்க்கீறலாக வெடிக்கும். அடுத்த அடுக்கின் நார் அதனைத் தடுத்து நிறுத்தும். நின்ற கீறலின் நுனியிலிருந்து அடுக்குப் பிரிவு தொடங்கும். இறுதியிலேதான் நார் அறும். கைதவறிய ஸ்பேனர் விழுவது போன்ற அடி பட்டாலோ, மேற்பரப்பில் நகக்குறி அளவே தெரிய, உள்ளே போகப்போக அகன்று கூம்பு வடிவில் சேதம் பரவியிருக்கும். எஃகுத் தகட்டில் அடிபட்டால் ஒடுக்கு விழுந்து உண்மையைக் கூறிவிடும். கூட்டுப்பொருள் மீண்டும் நிமிர்ந்து நின்று உண்மையை மறைத்துவிடும்.

ஈண்டு ஒரு பழைய செய்தியை இடையிட்டுக் கூறுதல் தகும். துருக்கியரும் அரபியரும் முகலாயரும் போற்றிய கூட்டுவில், வயிற்றுப்புறம் கொம்பும் நடுவே மரமும் முதுகில் தசைநாரும் வைத்து, விலங்குப் பசையால் ஒட்டிச் செய்யப்பட்டது. அமுக்கத்தைத் தாங்கக் கொம்பு, இழுவிசையைத் தாங்க நார் என்னும் பகுப்பு இன்றைய பொறியியலார் வியக்கத் தக்கது. அவ்வில் அஞ்சியது பகைவனை அன்று, ஈரத்தை. நம் நாட்டு மழைக்காலத்தில் பசை நெகிழ்ந்து அடுக்கு விட்டுப்போனால் வில் வீண். இந்தியாவில் எஃகால் வில் செய்ததற்கு இத்தொல்லையும் ஒரு காரணம் என்பர்.

ஒரு மாணவரின் கால்தாங்கி

நம் மாநிலத்து இராமேசுவரத்தில் பிறந்த ஆ. ப. ஜெ. அப்துல் கலாம் ஐதராபாத்தில் ஏவுகணைப் பணியில் இருந்தபோது, அந்நகரின் நிசாம் மருத்துவ அறிவியல் நிலையத்து எலும்பு மருத்துவர் ஒருவர் அவரது ஆய்வுக்கூடத்திற்கு வந்தார். ஏவுகணைக்கென உருவான பொருளின் இலேசான எடையைக் கையில் தூக்கி வியந்த அவர், தம் மருத்துவமனைச் சிறுவர்களைக் காண அழைத்தார். மூன்று கிலோகிராமுக்கு மேற்பட்ட உலோகத் தாங்கிகளை இழுத்து நடந்த அப்பிள்ளைகளுக்கு 300 கிராம் எடையில் கால்தாங்கிகள் செய்யப்பட்டன. இச்செய்தி பலரும் அறிந்ததே. எடைகுறைப்பு என்பது வானூர்தியின் எரிபொருட்கணக்கு மட்டுமன்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டா.

எமக்கும் இதனோடு ஒட்டிய பட்டறிவு ஒன்று உண்டு. ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகட்கு முன் எம்மிடம் பயின்ற மாணவர் ஒருவர், இளம்பிள்ளை வாதத்தால் மெலிந்த இடக்காலில் கண்ணாடியிழைத் தாங்கி அணிந்து வந்தார். பழைய இரும்புத் தாங்கியைக் கழற்றிய நாளில், மாடிப்படியை இருமுறை ஏறி இறங்கிக் காட்டினார். சில மாதங்கள் சென்றபின் தாங்கியில் நடக்கும்போதெல்லாம் ‘டிக், டிக்’ என ஓர் ஒலி எழுந்தது. கணுக்காலருகே வாரைப் பிணைத்த தறையாணியைச் சுற்றி வளையல் போல் ஒரு வெளுப்பும் தோன்றியது. செய்து கொடுத்த இடத்தில் காட்டியபோது, அவர்கள் வெளுத்த இடத்தில் புட்டி அப்பித் தேய்த்து, தோல் நிறத்தில் வண்ணமும் பூசிக் கொடுத்தனர். ஒலி சில நாள் நின்றது. ஐந்தாவது வாரம் படியிறங்கும்போது தாங்கி அவ்விடத்திலேயே மடிந்தது. விழுந்ததில் வலக்கை மணிக்கட்டு முறிந்து, அப்பருவத் தேர்வை அவர் எழுத இயலாமற் போயிற்று.

அந்த முறிந்த தாங்கியை நாமக்கல்லில் லாரி முகப்புகளுக்கு ஃபைபர் வேலை செய்யும் முதியவர் ஒருவரிடம் காட்டினோம். அவர் வண்ணத்தைச் சுரண்டிவிட்டு, “வெளுத்தது தெரிஞ்சும் பெயிண்டை அடிச்சிருக்காங்களே, சார்!” என்றார். பின்னர் அவர் கூறியதையும் இயற்பியல் நண்பர் விளக்கியதையும் சேர்த்து உணர்ந்தோம். கண்ணாடியிழைப் பொருள் ஓரளவு ஒளி ஊடுருவ வல்லது. உள்ளே அடுக்குப் பிரிந்து காற்று நுழைந்தால் ஒளி சிதறி அவ்விடம் வெண்மையாகத் தோன்றும். அது பொருள் தானே எழுதித் தந்த முறையீடு. அதனை வண்ணத்தால் மூடியது முதற்பிழை. நார் இல்லாத புட்டி பள்ளத்தை நிரப்புமேயன்றிச் சுமையை ஏற்காது. வலிமை திரும்பியதாகத் தோன்றச் செய்தது இரண்டாம் பிழை. துளையின் விளிம்பில் தகைவு பெருகும் என்னும் இங்கிலீசின் கணக்கை நினையாது, மிக வளையும் கணுக்காலருகே ஆணியை இறக்கியதுதான் எல்லாவற்றுக்கும் முந்திய பிழை. கருநிறக் கரியிழையில் இந்த வெளுப்பும் தோன்றாது என்பதால் அங்கே ஆய்வு இன்னும் அருமையானது.

செம்மையான பழுதுபார்ப்பு பொறுமையைக் கோருவது. பிரிந்த அடுக்குகளை அகற்றி, காயத்தைச் சுற்றிலும் சரிவாக, ஆழத்தைப்போல் இருபது மடங்கோ அதற்கு மேலோ அகலம் வருமாறு தேய்க்க வேண்டும். அகற்றிய ஒவ்வோர் அடுக்குக்கும் ஈடாக, அதே நார்த்திசையில் புதிய துணியை வைத்துப் பிசின் ஊட்ட வேண்டும். சரிவு நீண்டிருந்தால் சுமை பழையதிலிருந்து புதியதற்கு மெல்ல மெல்லக் கைமாறும். செங்குத்தாய் இருந்தால் அந்த ஒட்டின் விளிம்பே அடுத்த விரிசலின் பிறப்பிடமாகும். அந்த முதியவர் இம்முறையில் ஒரு புதிய தாங்கியைச் செய்து, ஆணியையும் மேலே தள்ளி அமைத்தார். கூலி கேட்டபோது பிசினுக்கும் துணிக்கும் உரிய விலையை மட்டும் பெற்றுக்கொண்டார்.

தட்டிக் கேட்டல்

காசால் தட்டிக் கேட்பது இத்துறையில் உலகெங்கும் ஒப்புக்கொள்ளப்பட்ட சோதனை. ஒட்டியிருக்கும் இடம் தெளிவாக ஒலிக்கும். பிரிந்த இடம் மந்தமாக ஒலிக்கும். மண்பானை வாங்கும் மூதாட்டி சுண்டிப் பார்ப்பதற்கும் இதற்கும் தத்துவத்தில் பெரிய வேறுபாடில்லை. எனினும் இதனை மட்டும் நம்புவதும் தகாது. 2005 மார்ச்சு 6ஆம் நாள் கியூபாவின் வரதேரோ நகரிலிருந்து கனடாவின் கியூபெக் நோக்கிப் பறந்த ஏர் டிரான்சாட் நிறுவனத்தின் ஏ-310 வானூர்தியில், வால்பகுதியின் சுக்கான் ஏறத்தாழ முழுமையும் நடுவானில் பிய்ந்து போயிற்று. அச்சுக்கான் கூட்டுப்பொருள் தோல்களுக்கு இடையே தேன்கூட்டு உள்ளீடு வைத்துச் செய்யப்பட்டது. 260 பேருக்கு மேல் ஏறியிருந்த அவ்வூர்தியை வலவர்கள் திரும்பக் கொணர்ந்து இறக்கியதால் உயிர்ச்சேதம் இல்லை. தோலும் உள்ளீடும் விட்டுப்போனதோ, உள்ளீடே பிளந்ததோ காரணமாயிருக்கலாம் எனக் கனடா நாட்டு ஆய்வுக்குழு கருதியது. அந்நாள் வரை பரிந்துரைக்கப்பட்ட ஆய்வுமுறை அத்தகைய குறைகள் அனைத்தையும் காணப் போதுமானதன்று என்றும் அது கூறிற்று. மருத்துவமனையில் வயிற்றை நோக்கும் கருவிபோல், செவிக்கெட்டா ஒலியை உட்செலுத்தி எதிரொலியால் பிளவை வரையும் முறை இன்று வானூர்தித் தொழிலில் வழக்கமாகியுள்ளது. பட்டறைகளுக்கு அது இன்னும் எட்டாத செலவு.

சொல் பற்றி

தமிழில் கீறல், விரிசல், வெடிப்பு, பிளவு, முறிவு எனப் பல சொற்கள் இருப்பது இத்துறைக்குப் பேறு. மேற்பரப்பளவில் நிற்பது கீறல். உட்சென்றும் இன்னும் இருபுறமும் ஒட்டியிருப்பது விரிசல். அடுக்கு அடுக்கிலிருந்து அகல்வது பிளவு. நார் அறுவது முறிவு. ஆங்கில நூல்கள் பல சொற்றொடரால் விளக்குவதை நாம் ஒரு சொல்லால் விளக்கலாம், அவற்றை ஒன்றிற்கொன்று மாற்றி எழுதாதிருந்தால்.

டயருக்குப் புதுமுகம் ஒட்டும் பட்டறை ஒன்றில், வந்த பழைய டயர்களைத் தட்டியும் தடவியும் தெரிவு செய்யும் தொழிலாளியின் அருகே ஒரு முற்பகல் முழுதும் நின்றிருந்தோம். பட்டன் தேய்ந்ததைப் பற்றி அவர் கவலைப்படவில்லை; அது புதிதாக ஒட்டப்படுவது. உள்ளுடல் நலமாக உள்ளதா என்பதே அவர் நாட்டம். நன்றாகத் தோன்றிய ஒரு டயரை இருமுறை தட்டி, தோளருகே உள்ளங்கையால் அழுத்தி, “இதுல காத்து கோத்திருக்குங்க” என்று சொல்லி, சுண்ணக்கட்டியால் குறுக்கே ஒரு கோடிட்டு ஒதுக்கினார். வண்டிக்காரர் பணம் போயிற்றே என்று வாதாடினார்; இவர் இசையவில்லை. அடுக்குகளுக்கு இடையே காற்றுக் கோத்தல் என்னும் அத்தொடரைக் கலைச்சொல் தொகுப்போர் முன் வைக்கிறோம். ‘அடுக்குப் பிரிவு’ என நாம் மேலே ஆண்டதைவிட அது நன்றாக இருக்கிறது.